ஆவணியில் வண்டி வாங்கலாம்

எங்கள் வீட்டில் ஊசி வாங்குவதென்றாலும் பஞ்சாங்கத்தைப் புரட்டிவிட்டுத்தான் வாங்குவோம். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. நாள் பார்ப்பதில் பாதி பக்தி, மீதி சோம்பேறித்தனம் என்பது என் கட்சி. ஒரு காரியத்தைச் செய்யப் பிடிக்கவில்லையா, நாள் சரியில்லை என்று சொல்லிவிட்டால் போதும். எதிர்த்துப் பேச ஆள் இருக்காது. மயிலாப்பூரில் பிறந்து மயிலாப்பூரிலேயே வாழ்க்கைப்பட்ட எனக்கு அந்த வித்தை தலைகீழ்ப் பாடம். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஆடி மாதம், என் வாழ்க்கையின் பெரிய பயத்தை நான் அந்த வித்தைக்குப் பின்னால்தான் ஒளித்து வைத்தேன்.

என் கணவருக்கு அப்போது நாற்பது தாண்டியிருந்தது. தி. நகரில் ஒரு லீசிங் கம்பெனியில் வேலை. அந்த வருடங்களில் தி. நகரில் தெருவுக்குத் தெரு லீசிங் கம்பெனி போர்டு தொங்கும். லாரி வேண்டும், அச்சு மெஷின் வேண்டும், கையில் பணம் இல்லை என்று வருகிறவர்களுக்குக் கம்பெனி தன் பணத்தில் வாங்கி மாத வாடகைக்கு விடும். வருகிறவரிடம் இவர் முதலில் கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "எத்தனை வருஷம் வெச்சுக்கப் போறேள்?" பதிலைக் கேட்ட பிறகுதான் மேற்கொண்டு பேச்சு. ரொம்ப நாளைக்கென்றால் வாங்கிவிடுங்கள், கொஞ்ச நாளைக்கென்றால் வாடகைக்கு எடுங்கள். இவ்வளவுதான் அவருடைய சாஸ்திரம். கம்பெனிக்கு வர வேண்டிய வியாபாரத்தையே, "சொந்தமா வாங்கிடுங்கோ, அதான் உங்களுக்கு நல்லது" என்று வாசலோடு திருப்பி அனுப்பி, மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார். வீட்டிலும் அந்தப் புத்தி போகாது. நான் புடவை எடுத்து வந்தால், நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். "இது எத்தனை நவராத்திரி தாங்கும்?" என்பார்.

முதலில் வலது கால் செருப்பு நழுவ ஆரம்பித்தது. பழைய செருப்பு என்று புதிதாக வாங்கினோம். அதுவும் நழுவியது. பிறகு லஸ் முனையில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்தார். அடுத்த மாதம் குளியலறையில் விழுந்தார். ஒரு வருடத்துக்குள் இரண்டு கால்களும் துணி மாதிரி ஆகிவிட்டன. அடையாறில் இருந்த நரம்பு டாக்டர், இவரை உள்ளே உட்கார வைத்துவிட்டு, என்னையும் என் அண்ணாவையும் வராந்தாவுக்கு அழைத்துப் பேசினார். தசைக்குப் போகிற நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வருகின்றன. கால் ஆயிற்று, இனி கை, அப்புறம் தொண்டை, கடைசியில் மூச்சு. மருந்து கிடையாது.

"ஒரு வருஷம்மா. நல்லா பாத்துக்கிட்டா ஒன்றரை" என்றார் டாக்டர்.

நான் உள்ளே போய், "பிசியோதெரபி பண்ணினா சரியாயிடுமாம்" என்று இவரிடம் சொன்னேன். அண்ணா பக்கத்தில் நின்று தலையை ஆட்டினார். பொய் சொல்லும்போது தலையாட்ட ஒரு துணை இருப்பது எவ்வளவு சௌகரியம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இவர் வேலையை விடுவதாக இல்லை. கை நன்றாக இருக்கிறது, மூளை நன்றாக இருக்கிறது, கம்பெனியும் தரைத் தளத்தில்தான் இருக்கிறது, நான் ஏன் வீட்டில் உட்கார வேண்டும் என்றார். தினமும் மயிலாப்பூரிலிருந்து தி. நகர் போய் வர வேண்டும். வாரத்தில் இரண்டு சாயங்காலம் அடையாறில் பிசியோதெரபி. ஆட்டோவில் ஏற்ற முடியாது. டாக்சியில் ஏற்றுவதென்றால் தலையைக் குனிய வைத்து, இடுப்பை வளைத்து, கால்களைத் தனியாகத் தூக்கி உள்ளே வைக்க வேண்டும். ஒரு நாள் அப்படி ஏற்றும்போது டாக்சி டிரைவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் இழுத்ததில் இவருடைய வேஷ்டி அவிழ்ந்துவிட்டது. மாட வீதியில், பட்டப்பகலில். நான் வேஷ்டியை அள்ளிக் கட்டிவிட்டேன். இவர் தி. நகர் வரும் வரைக்கும் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தார்.

பிசியோதெரபி செய்யும் இடத்தில் இன்னொரு நோயாளியை வேனில் அழைத்து வருவதைப் பார்த்தோம். பக்கவாட்டுக் கதவைத் தள்ளினால் பாதி வண்டி திறந்துகொண்டது. சக்கர நாற்காலியைப் பக்கத்தில் நிறுத்தி, ஆளை அப்படியே சீட்டுக்கு நகர்த்திவிட்டார்கள். நாற்காலியை மடித்துப் பின்னால் போட்டார்கள். வேஷ்டி அவிழ இடமே இல்லை. வீட்டுக்கு வந்ததும் நான்தான் சொன்னேன், நமக்கும் ஒரு வேன் வேண்டும் என்று.

இவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையில் பிசைந்த சாதத்தோடு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"எத்தனை வருஷம் வெச்சுக்கப் போறோம்?"

தொழில் கேள்வி. லாரிக்காரரிடம் கேட்பதைப் போலத்தான் கேட்டார். வாயில் வந்ததைச் சொன்னேன். "பத்து வருஷமாவது வெச்சுக்க மாட்டோமா?"

"அப்போ வாங்கறதுதான் லாபம்" என்று சொல்லிவிட்டு, மோர் கேட்டார்.

அன்றிலிருந்து நான் இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டேன். எங்களிடம் பணம் என்று இருந்தது, பெண்ணுக்காக வங்கியில் போட்டு வைத்திருந்த ஒரு தொகைதான். அவள் அப்போது ஏழாவது படித்துக்கொண்டிருந்தாள். நான் வேலைக்குப் போகாதவள்; சாயங்காலம் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பதோடு சரி. அந்தத் தொகையைப் போட்டு வேன் வாங்கினால், ஒரு வருடம் கழித்து எனக்கு ஓட்டத் தெரியாத ஒரு வண்டியும், படிக்க வேண்டிய ஒரு பெண்ணும்தான் மிஞ்சும். வாங்காமல் மாத வாடகைக்கு எடுக்கலாம் என்று சொன்னாலோ, ஏன் என்று கேட்பார். வாடகை என்றால் கொஞ்ச நாளைக்கு என்று அர்த்தம். அதை உலகத்துக்கே சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்குகிற மனுஷரிடம் நான் எப்படிச் சொல்வேன்?

அண்ணா அடையாறில் இருந்தார், வங்கியில் வேலை. தனியாகப் பேசியபோது சுற்றி வளைக்கவில்லை. "இதோ பாரு, பைத்தியக்காரத்தனம் பண்ணாதே. ஒரு வருஷத்துக்கு யாராவது வண்டி வாங்குவாளா? வாடகைக்கு எடு. நீயும் கொழந்தையும் அப்பறம் என்ன பண்ணுவேள்?"

எனக்கு அவர் மேல் வந்த கோபம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. அவர் சொன்னது சரி என்பதால்தான் அவ்வளவு கோபம். ஒருவர் உயிரோடு சாப்பிட்டுக்கொண்டு, ஆபீஸ் போய்க்கொண்டு இருக்கும்போது, 'அப்பறம்' என்ற வார்த்தையை எப்படி வாயில் எடுக்கலாம் என்று கத்தினேன். அண்ணா செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

பஞ்சாங்கம்தான் கைகொடுத்தது. ஆனி முடிந்து ஆடி பிறந்திருந்தது. ஆடியில் யாரும் புது வண்டி வாங்க மாட்டார்கள். நான் இவரிடம், "ஆடியில வாங்க வேண்டாம். ஒரு மாசத்துக்கு வாடகைக்கு எடுப்போம். ஆவணியில நல்ல நாள் பாத்து வாங்கலாம்" என்றேன். இவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி" என்றார்.

வேன்காரர் ஆதம்பாக்கத்திலிருந்து வந்தார். முன்பு ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறையில் வேலை பார்த்தவர். சொந்தமாக வண்டி எடுத்து ஓட்ட ஆரம்பித்துக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. முதல் நாளே என் கணவரைச் சீட்டுக்கு நகர்த்தும்போது, "நீ கைய என் கழுத்துல போட்டுக்கோ சார், மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்றார். எங்கள் தெருவில் யாரும் இவரை நீ என்று கூப்பிட்டதில்லை. இவருக்கு அது பிடித்திருந்தது என்று நினைக்கிறேன்.

ஆவணி வந்தது. முதல் வாரம் இவருக்குச் சந்திராஷ்டமம் என்றேன். அடுத்த வாரம் தேய்பிறை என்றேன். மாதம் முடிந்துவிட்டது. புரட்டாசியில் புது வண்டி வேண்டாம் என்று என் பிறந்த வீட்டில் சொல்வார்கள் என்றேன். என் பிறந்த வீட்டில் யாரும் அப்படிச் சொன்னதே இல்லை. ஐப்பசியில் அடைமழை, புது வண்டியைச் சேற்றிலா இறக்குவது? கார்த்திகையில் நாள் இருந்தது. பெண்ணுக்குப் பரீட்சை என்று அதையும் தள்ளினேன். பரீட்சைக்கும் வேனுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. மார்கழி பிறந்ததும் பெருமூச்சு விட்டேன். மார்கழியில் யாரும் எதையும் வாங்கப் போவதில்லை. ஒவ்வொரு மாதமும் முதல் தேதி வேன்காரருக்கு, "இந்த ஒரு மாசம் மட்டும்" என்று சொல்லிப் பணம் கொடுத்தேன். பஞ்சாங்கத்தை அவ்வளவு கவனமாகப் படித்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. நல்ல நாள் எதுவும் கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்று படித்தேன்.

தை பிறந்தது. சாக்குகள் தீர்ந்துபோயின. அதற்குள் என் மனதும் மாறியிருந்தது. மார்கழிக் குளிரில் இவருடைய இடது கை விரல்கள் மடங்க ஆரம்பித்திருந்தன. காபி டம்ளரை இரண்டு கைகளாலும் பிடித்தார். அதைப் பார்த்த பிறகு எனக்கு ஒரு வெறி வந்தது. வாங்கியே தீருவது. பத்து வருடத்துக்கு வண்டி வாங்கினால் பகவான் பத்து வருடம் கொடுக்காமலா போவார் என்று ஒரு முட்டாள் கணக்கு. நாள் செய்வது நல்லார் செய்யார் என்பார்களே, நாள் பார்த்து, இவர் பெயரிலேயே வாங்கி, எலுமிச்சம்பழம் நசுக்கி, குங்குமம் வைத்து வாசலில் நிறுத்திவிட்டால் எமன் அந்த வண்டியைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவான். அண்ணாவிடம் பணத்தை எடுத்துத் தரச் சொன்னேன். அவர் வாதாடிப் பார்த்தார். கடைசியில் என் பிடிவாதம் தெரிந்து எடுத்துக் கொடுத்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை மவுண்ட் ரோட்டில் இருந்த ஷோரூமுக்குப் போனோம், எங்கள் வாடகை வேனில். வேன்காரர் இவரைத் தூக்கி நாற்காலியில் வைத்துவிட்டு வெளியே நின்றுகொண்டார். தன் வேலை அன்றோடு போகிறது என்று தெரிந்தும் அவர் புது வண்டியின் டயரைக் காலால் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் போனார். விற்பனைப் பையன் எங்களிடம் விடாமல் பேசிக்கொண்டிருந்தான். "பத்து வருஷம் கண்ணை மூடிக்கிட்டு ஓடும் சார்" என்றான். பத்து என்று அவனும் சொன்னது எனக்கு நல்ல சகுனமாகப் பட்டது. இவர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே, வலது கையை நீட்டி, சீட்டுக்குப் போட்டிருந்த பிளாஸ்டிக் உறையை மெதுவாகத் தடவினார். பிறகு, "யோசிச்சு சொல்றோம்" என்று பையனிடம் சொல்லிவிட்டு, என்னைப் பார்த்து, போகலாம் என்பதுபோல் தலையசைத்தார்.

வெளியே வேனில் ஏற்றிவிட்டு வேன்காரரை டீ குடித்துவிட்டு வரச் சொன்னார். நாங்கள் இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்திருந்தோம். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

"வேண்டாம்" என்றார்.

"ஏன்? வண்டி நன்னாத்தானே இருக்கு?"

"வண்டி நன்னா இருக்கு. நமக்கு வேண்டாம்."

"நாள் பாத்தாச்சு. இதை விட்டா இனிமே…"

"டாக்டர் உன்கிட்ட வராந்தாவுல சொன்னார் இல்லையா" என்றார். "அதுக்கு முந்தின வாரமே என்கிட்ட சொல்லிட்டார். நான்தான் கேட்டேன். கேக்காம இருப்பேனா? என் தொழிலே அதுதானே."

முதலில் வந்தது கோபம். துக்கத்துக்கு முன்னால் எனக்கு எப்போதும் கோபம்தான் வரும். "அப்பறம் ஏன் எத்தனை வருஷம்னு என்னைக் கேட்டேள்? ஆறு மாசமா நான் பஞ்சாங்கத்தைப் புரட்டிண்டு பைத்தியக்காரி மாதிரி நிக்கறேன். பாத்துண்டு சும்மா இருந்தேளே."

"நீ என்ன சொல்றேன்னு கேக்கணும்னு தோணித்து. பத்துன்னியே. மனசுக்கு அவ்வளவு நிறைவா இருந்தது" என்றார். கொஞ்சம் கழித்து, "பரீட்சைக்கும் வேனுக்கும் என்னடி சம்பந்தம்?" என்று கேட்டுச் சிரித்தார்.

நான் அழுதேன். மவுண்ட் ரோட்டில் அத்தனை பஸ்ஸும் போய்க்கொண்டிருக்க, தள்ளுக்கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். இவர் அழ விட்டார். இவருடைய நல்ல கை என் முழங்கால் மேல் இருந்தது.

பிறகு இவருக்குள் இருந்த லீசிங் கம்பெனிக்காரர் பேசினார். "நான் சொல்றதைக் கேளு. மாச வாடகையே இருக்கட்டும். டாக்டர் சொன்ன கணக்குப்படி நான் போனா, நமக்கு லாபம். பணம் உன் கையில இருக்கும். அதைத் தாண்டி நான் இருந்துண்டே இருந்தா, மூணாவது வருஷத்துல ஒரு மாசம் வரும். அதுவரைக்கும் குடுத்த வாடகையை எல்லாம் கூட்டினா, டிரைவர் சம்பளம் பெட்ரோல் போக, வண்டியோட விலையே வந்துடும். அப்பறம் குடுக்கறது எல்லாம் தண்டம். ஏமாந்தவான்னு ஊர் சிரிக்கும்."

"சிரிச்சுட்டுப் போகட்டும்" என்றேன்.

"அப்போ நஷ்டப்படப் பாக்கலாமா?" என்றார்.

வேன்காரர் டீ குடித்துவிட்டு வந்து, என் முகத்தையும் இவர் முகத்தையும் பார்த்தார். "இன்னா சார், வாங்கலியா?" என்றார்.

"இல்லப்பா. அடுத்த மாசமும் நீதான் வரணும்."

"வந்துகினேதான கீறேன்" என்று வண்டியை எடுத்தார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஆங்கில மாதத்தின் முதல் தேதிதான் பண்டிகை. வாடகையை இவரே தன் கையால்தான் கொடுப்பார். வேன்காரர் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வருவார். இவர் கவரை நீட்டி, "அடுத்த மாசமும் வண்டி வேணும்பா" என்பார். அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்க நான் சமையலறையில் கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு வந்து நிற்பேன். பெண்ணும் பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டு கதவோரம் நிற்பாள். அவளிடம் நாங்கள் எதையும் விளக்கிச் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. எங்கள் வீட்டுப் பெண் இல்லையா.

டாக்டர் சொன்ன ஒரு வருடம் வந்து போனது. ஒன்றரையும் போனது. அப்போது வலது கையும் விட்டுப்போயிருந்தது. ஆபீஸ் போவதை நிறுத்தினார். முதல் தேதியன்று கவரை இவர் விரல்களுக்கு நடுவில் நான் வைத்து, என் கையால் பொத்தி, இரண்டு கைகளுமாக நீட்டுவோம். வேன்காரர் குனிந்து வாங்கிக்கொள்வார். நாளில் பெரும் பகுதி நாற்காலியில் போனது. குழாய் வைத்துச் சளியை உறிஞ்சி எடுக்கக் கற்றுக்கொண்டேன். இருபக்கமும் தலையணை வைத்து, சாய்த்து, திருப்பிப் படுக்க வைக்கக் கற்றுக்கொண்டேன். இதையெல்லாம் விரித்து எழுத எனக்கு இஷ்டமில்லை. செய்தவர்களுக்குத் தெரியும்.

"இனிமே வாரத்துல ரெண்டு நாள்தானே வெளியில போறது. அதுக்கு எதுக்கு மாசம் முழுக்க ஒரு வண்டி? வேணும்கறபோது கூப்பிட்டுக்கலாமே" என்றார் அண்ணா. நியாயமான பேச்சு. ஆனால் வண்டியை நிறுத்தினால் முதல் தேதி நின்றுபோகும். அதை அண்ணாவுக்கு எப்படிச் சொல்வது? டியூஷனுக்கு இன்னும் நாலு பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டேன். வண்டி தினமும் வந்தது. பெண்ணைப் பள்ளிக்கூடத்தில் விட்டது. சில சாயங்காலங்களில் அடையாறிலிருந்து திரும்பும்போது பெசன்ட் நகர் கடற்கரைப் பக்கம் போய், கதவை முழுசாகத் திறந்து வைத்துக் காற்று வாங்குவோம். இவருக்குப் பேச்சு குழற ஆரம்பித்த சமயம் அது. அலைச் சத்தத்தில் எனக்குச் சரியாகக் கேட்காது. கேட்டதுபோல் தலையாட்டுவேன். "பொய்" என்பார். அது மட்டும் தெளிவாகக் கேட்கும்.

மூன்றாவது வருடத்தில் அந்த மாதம் வந்தது. நான் மறந்திருந்தேன். இவர் மறக்கவில்லை. காலையில் கண்ணைத் திறந்ததும், வார்த்தை வார்த்தையாக, "இன்னிக்கு… பாயசம்… பண்ணு" என்றார். என்ன நாள் என்று கேட்டேன். "நஷ்டம்" என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. வண்டியின் விலையைத் தாண்டிவிட்டோம். இனி கொடுப்பதெல்லாம் தண்டம். நான் சமையலறைக்கு ஓடினேன். சேமியா இருந்தது, பால் இருந்தது. முந்திரி இல்லை, போகட்டும். இவரால் கெட்டியாக எதையும் விழுங்க முடியாது. பாயசத்தை வடிகட்டி, ஆற்றி, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்தேன். பாதி வாயோரம் வழிந்தது. துடைத்துவிட்டேன். நஷ்டத்துக்குப் பாயசம் வைத்த வீடு மயிலாப்பூரிலேயே எங்களுடையது ஒன்றுதான் இருக்கும்.

அண்ணா அன்று ஏதோ வேலையாக வந்தவர், விஷயம் தெரிந்து, கூடத்தில் நின்றபடி சொன்னார்: "வாங்கியிருந்தா இன்னிக்கு வண்டி சொந்தம்." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டார். வேன்காரருக்கும் ஒரு டம்ளர் கொடுத்தேன்.

"இன்னாமா விசேஷம்?"

இவர் பதில் சொல்ல முயன்றார். வார்த்தை கூடவில்லை. நான் எடுத்துச் சொன்னேன். "உங்ககிட்ட ஏமாந்துட்டோமாம். அதுக்குத்தான்."

"நான் இன்னாமா ஏமாத்தினேன்?" என்று அவர் டம்ளரைக் கீழே வைக்கப் போனார். இவர் சிரித்தார். தோள் குலுங்காத, சத்தம் இல்லாத சிரிப்பு. கண்ணில் மட்டும் தெரிந்தது. அந்த நோயில் நான் பார்த்த மிகப் பெரிய சிரிப்பு அதுதான். கல்யாணமான நாளைவிட அன்றைக்கு நான் சந்தோஷமாக இருந்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அதற்குப் பிறகு இன்னொரு ஆடி வந்தது. இன்னொரு தையும் வந்தது. முதல் தேதிகளில் இவர் மடியில் கவரை வைப்பேன். கண்ணை ஒரு தரம் மூடித் திறப்பார். அடுத்த மாசமும் வேணும் என்று அர்த்தம். வேன்காரர், "சரி சார்" என்று எடுத்துக்கொள்வார்.

டாக்டர் சொன்ன வரிசையில்தான் எல்லாம் நடந்தது. கடைசியில் மூச்சு. ஒரு நாள் விடியற்காலையில், வீட்டில், என் கை இவர் மார்பின் மேல் இருக்கும்போதே நின்றது.

காரியங்கள் எல்லாம் முடிந்த பிறகு முதல் தேதி வந்தது. வேன்காரர் வந்தார். எப்போதும் உள்ளே வருகிறவர், அன்றைக்கு வாசல் கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். பணம் கேட்க வரவில்லை என்பது எனக்குத் தெரியும். முதல் தேதி என்பதால் கால் தானாக வந்திருக்கும். நான் கவரை எடுத்துக்கொண்டு போய் நீட்டினேன்.

"இன்னாத்துக்குமா?"

"வண்டி வரட்டும்" என்றேன்.

அவர் மறுக்கவில்லை. தினமும் காலையில் வந்து வேனை வாசலில் நிறுத்தினார். பெண் அதில் ஏற மாட்டேன் என்றுவிட்டாள். சிநேகிதிகளோடு நடந்து போனாள். அண்ணா வந்து, "யாருக்காக இந்த வண்டி?" என்று கேட்டார். வண்டி வாசலில் நின்றால் தெருவில் போகிறவர்களுக்கு இந்த வீட்டில் ஒருவர் வெளியே கிளம்பக் காத்திருக்கிறார் என்று தோன்றும். எனக்கும் சில நிமிஷம் அப்படித் தோன்றும். அதற்காகத்தான்.

மாதப் பாதியில் ஒரு நாள் காலை, புடவையை மாற்றிக்கொண்டு, கதவைப் பூட்டிவிட்டு, போய் வேனில் ஏறினேன். எப்போதும் உட்காரும் இடத்தில்தான் உட்கார்ந்தேன், பக்கத்தில் இடம் விட்டு. வேன்காரர் கதவைத் தள்ளிச் சாத்திவிட்டு, முன்னால் ஏறி, சாவியைத் திருகினார். பிறகு திரும்பிப் பார்த்தார்.

"எங்க போணும்மா?"

அத்தனை வருடத்தில் அவர் ஒரு நாளும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. கேட்க வேண்டியிருந்ததில்லை. நான் யோசித்தேன். தி. நகர் ஆபீஸில் இனி எனக்கு யாரும் இல்லை. அடையாறு பிசியோதெரபிக்காரர்களுக்கும் என்னோடு வேலை முடிந்துவிட்டது. கோவிலுக்கு ஒரு வருடம் போகக் கூடாது. மனிதர்கள் வீட்டுக்குப் போகலாமென்றால், புதிதாகத் தாலி இழந்தவள் காலையில் வாசலில் வந்து நிற்பதை எங்கள் தெருவில் யாரும் விரும்ப மாட்டார்கள்; வாங்கோ என்று வாய் சொல்லும், முகம் சொல்லாது. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள் நான். வண்டி இருக்கிறது, டிரைவர் இருக்கிறார், இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது. போக ஒரு இடம் இல்லை.

"நாளைலேர்ந்து வர வேண்டாம்" என்றேன்.

முதல் ஆடியிலிருந்து சொல்லாமல் தள்ளிக்கொண்டு வந்த வாக்கியம். அவர் இஞ்சினை நிறுத்தினார். இறங்கி வந்து கதவைத் திறந்துவிட்டார். சட்டைப் பையிலிருந்து பாதி மாத வாடகையை எண்ணி எடுத்து நீட்டினார். நான் வாங்கிக்கொள்ளவில்லை. இவர் இருந்தவரைக்கும் கொடுத்ததில் ஒரு பைசாகூட எனக்கு வீணாகத் தோன்றியதில்லை. அந்தப் பாதி மாதம்தான் வீண்.